சாவி அவர்கிட்ட... சலான் நம்மகிட்ட!

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு. அப்பாவின் கார் சாவி அதில்தான் தொங்கும். மில் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனபோது கிடைத்த பணத்தில் ஒரு பங்கைப் போட்டு வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஆல்டோ. ஆர்.சி புக்கில் அப்பா பெயர் இருக்கிறதே தவிர, சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை அது பொதுச் சொத்து.

"சித்தப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு வளைகாப்பு. வண்டிய எடுத்துக்கவா?" என்று பெரியப்பா மகன் கேட்பார். அப்பா டி.வி-யில் இருந்து கண்ணை எடுக்காமலே, "எடுத்துக்கப்பா, பெட்ரோல் மட்டும் பாத்துக்க" என்பார். அவ்வளவுதான் ஒப்பந்தம். சாயங்காலம் கார் திரும்பி வரும்போது கூடவே ஒரு பாக்கெட் பால்கோவாவும் வரும். அது வாடகை மாதிரி.

போன மாதம் பால்கோவா வந்து நாலு நாள் கழித்து, அப்பாவின் போனுக்கு ஒரு மெசேஜும் வந்தது. சீட் பெல்ட் போடாமல் கார் ஓட்டியதற்கு ஆயிரம் ரூபாய் அபராதம்.

"நான் அன்னிக்கு வீட்டை விட்டே கிளம்பலையேம்மா. இது ஏதோ ஃபிராடு மெசேஜ்" என்றார் அப்பா. அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே ஃபைல் அனுப்பி, அதைத் தொட்டவர்களின் வங்கிக் கணக்கைச் சுரண்டும் கும்பல்கள் நாடு முழுக்க இருக்கின்றன. அதனால் மெசேஜில் இருந்த இணைப்பை நாங்கள் தொடவே இல்லை. மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நேராகப் போய், வண்டி நம்பரையும் சேஸிஸ் நம்பரின் கடைசி ஐந்து இலக்கங்களையும் போட்டுப் பார்த்தோம்.

உண்மையான சலான்தான். போட்டோவும் இருந்தது. எங்கள் கார், ஸ்டீயரிங்கில் அண்ணன், தோளில் பெல்ட் இல்லை.

"சரி, அண்ணன்கிட்ட சொல்லிக் கட்டச் சொல்லுங்கப்பா" என்றேன். "ஆயிரம் ரூபாய்க்கு அண்ணன் பிள்ளைகிட்டப் போய் நிக்கச் சொல்றியா?" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுப்படியில் இருந்து அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஆயிரம் கிடக்கட்டும். அவனுக்குக் கார் ஓட்ட லைசென்ஸ் இருக்கா?"

அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் யாருமே கேட்டதில்லை. போன் போட்டுக் கேட்டோம். "இருக்கே சித்தப்பா... பைக்குக்கு" என்றார் அண்ணன்.

அன்று ராத்திரி நான் மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படித்ததில் உங்களுக்கும் உதவக்கூடியதை இந்த வாரம் சொல்கிறேன்.

தப்பு ஓட்டினவர் பேரில், தபால் உங்கள் பேரில்

ஹெல்மெட் போடாதது, சீட் பெல்ட் போடாதது, சிக்னலைத் தாண்டியது, போனில் பேசியபடி ஓட்டியது. இதெல்லாம் ஓட்டினவர் செய்த குற்றம். போலீஸ் வண்டியை நிறுத்தி, லைசென்ஸை வாங்கிப் பார்த்துச் சலான் போட்டால் அது ஓட்டினவர் பெயரிலேயே பதிவாகும். அதில் சிக்கல் இல்லை.

கேமராவோ, தூரத்தில் நின்று எடுத்த போட்டோவோ என்றால் கதை வேறு. போட்டோவில் தெரிவது நம்பர் பிளேட். நம்பர் பிளேட்டைத் தேடினால் வருவது ஆர்.சி-யில் இருக்கும் பெயரும் போன் நம்பரும். அதனால் சலான் நேராக உங்களிடம் வந்துவிடுகிறது.

'நான் ஓட்டவில்லை' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-வது பிரிவு, போலீஸ் கேட்டால் வண்டியை ஓட்டியது யார், அவர் முகவரி என்ன, லைசென்ஸ் விவரம் என்ன என்று உரிமையாளர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்ல மறுப்பது 187-வது பிரிவின்படி தனிக் குற்றம். 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆக, உங்களுக்கு இருப்பது இரண்டு வழிகள்தான். ஒன்று, அபராதத்தைக் கட்டிவிட்டு ஓட்டினவரிடம் வாங்கிக்கொள்வது. இன்னொன்று, சலான் போட்ட காவல் நிலையத்தில் ஓட்டினவரின் விவரத்தைக் கொடுத்து முறையிடுவது. சலான் போட்டதே தவறு என்றால் நீதிமன்றத்தில் மறுக்கலாம். கண்டுகொள்ளாமல் விடுவது மட்டும் வழியே அல்ல. கட்டாத சலான் நீதிமன்றத்துக்குப் போகும். வண்டியை விற்கவோ, வேறு வேலைக்காகவோ ஆர்.டி.ஓ ஆபீஸுக்குப் போகும்போதும் அது முன்னால் வந்து நிற்கும்.

பொய் சொல்லித் தப்பிக்கலாமா?

'அவனுக்கு ஏற்கெனவே இரண்டு கேஸ் இருக்கு, நான் ஓட்டினதாச் சொல்லிடுறேன்' என்று பாசத்தில் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இங்கிலாந்துக் கதை ஒன்று.

2003-ல் கிறிஸ் ஹியூன் என்ற அரசியல்வாதியின் கார் அதிக வேகத்தில் போய் கேமராவில் சிக்கியது. லைசென்ஸ் பறிபோகாமல் இருக்க, காரை ஓட்டியது தானே என்று அவர் மனைவி பழியை ஏற்றுக்கொண்டார். பிறகு ஹியூன் அமைச்சரானார். தம்பதி பிரிந்தார்கள். பழைய கதை வெளியே வந்தது. 2012-ல் அமைச்சர் பதவி போனது. 2013 மார்ச்சில் கணவன், மனைவி இருவருக்கும் ஆளுக்கு எட்டு மாதம் சிறைத் தண்டனை. வேகமாகப் போனதற்காக அல்ல, யார் ஓட்டினது என்று பொய் சொன்னதற்காக!

சின்ன அபராதத்தைப் பெரிய வழக்காக்க ஒரு பொய் போதும். ஓட்டினவர் பெயரை உள்ளபடி சொல்வதுதான் உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

லைசென்ஸ் கேட்காததும் குற்றம்தான்

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். லைசென்ஸ் என்றால் ஏதோ ஒரு லைசென்ஸ் இல்லை. எந்த வண்டியை ஓட்டுகிறோமோ அந்த வகை வண்டிக்கான, காலாவதியாகாத லைசென்ஸ். பைக் லைசென்ஸை வைத்துக்கொண்டு கார் ஓட்டினால், சட்டத்தின் கண்ணில் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதுதான்.

அப்படி ஓட்டுபவருக்கு 181-வது பிரிவின்படி அபராதம் 5,000 ரூபாய். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தின பிரிவு 180, வண்டியைக் கொடுத்தவருக்கானது. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே பயணம், இரண்டு பேருக்குத் தண்டனை.

இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிக்கும் இதே கதைதான். 196-வது பிரிவு ஓட்டினவரை மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே பிடிக்கிறது. முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய்.

அண்ணன் எங்கள் காரில் போய்வந்தது தேசிய நெடுஞ்சாலை 744. பஸ், பஞ்சு லாரி, டிராக்டர், எக்ஸ்.எல்-லில் பால் கேன் கட்டிப் போகிறவர் என எல்லோரும் போகிற ரோடு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று நாங்கள் நினைத்திருந்தோம். அந்த தூரத்துக்குள் யார் மேலாவது கார் மோதியிருந்தால்?

விபத்து என்றால் கணக்கே வேறு

விபத்தில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலில் வண்டி உரிமையாளருடையது. அவருக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டுகிறது. அதற்காகத்தான் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறோம். ஆனால், பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும்.

அந்த நிபந்தனை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஸ்வரன் சிங் வழக்கில் விரிவாகச் சொன்னது. அடிபட்டவர் தவிக்கக் கூடாது என்பதால் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்க நேரிடும். பிறகு அந்தப் பணத்தை உரிமையாளரிடம் இருந்து திரும்ப வசூலிக்கலாம். நஷ்டஈட்டு வழக்குகளில் 'கொடுத்துவிட்டு வசூலி' என்ற உத்தரவு வருவது இப்படித்தான். உரிமையாளருக்கும் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது அந்தத் தீர்ப்பு. அவர் அலட்சியமாக இருந்தார், எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்கவில்லை என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அதை நிரூபிப்பது ரொம்பச் சுலபம். 'லைசென்ஸைப் பார்த்தீர்களா?' என்று கேட்டால் போதும். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது.

விருதுநகர் மாவட்டத்தின் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். ஒரு உயிர் போன வழக்கில் நஷ்டஈடு பல லட்சங்களில் வரும். வளைகாப்புக்கு ஊர் மேல் போன கார், அப்பாவை அதே ஊரின் கோர்ட் வாசலில் நிறுத்தியிருக்கும். ரிட்டயர்மென்ட் பணத்தில் மிச்சம் இருப்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. வெளியூர்ப் பயணத்துக்கு ஆக்டிங் டிரைவர் வைக்கிறீர்களா? அவர் லைசென்ஸை வாங்கிப் பார்த்து, அவர் ஓட்டும் விதத்திலும் திருப்தி அடைந்தால் போதும். அது போலியா என்று ஆர்.டி.ஓ ஆபீஸில் போய் விசாரிக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் எதிர்பார்க்க முடியாது என 2003-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் உங்களைத் துப்பறியச் சொல்லவில்லை. ஒரு தடவை கேட்டுப் பார்க்கத்தான் சொல்கிறது.

இரவல் வண்டியில் போகிறவர் கவனத்துக்கு

இது வண்டி கொடுப்பவருக்கு மட்டுமான விஷயம் இல்லை. நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு அய்யனார் அருவிக்குக் கிளம்பும் தம்பிகளும் படிக்க வேண்டும்.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்து வைத்தது. இரவல் வாங்கிய பைக்கில் போன ஒருவர் இன்னொரு பைக் மோதி இறந்துவிட்டார். அவர் குடும்பம், மோதிய பைக் மீது வழக்குப் போடாமல், இரவல் வாங்கிய பைக்கின் இன்ஷூரன்ஸில் மட்டும் நஷ்டஈடு கேட்டது. கோர்ட் சொன்ன பதில்: வண்டியை இரவல் வாங்கியவர், அந்த நேரத்துக்கு உரிமையாளரின் இடத்தில்தான் நிற்கிறார். அந்த பாலிசிக்கு அவர் மூன்றாம் நபர் அல்ல. பாலிசியில் இருந்த தனிநபர் விபத்துக் காப்பீட்டின்படி ஒரு லட்ச ரூபாய் மட்டுமே கிடைத்தது.

நண்பனின் வண்டியில் போகும்போது, நண்பனின் இன்ஷூரன்ஸ் உங்களை முழுசாகக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

பிள்ளை கையில் சாவி

சாயங்காலம் டியூஷன் விடும் நேரத்தில் ராஜபாளையம் தெருக்களில் நின்று பாருங்கள். யூனிஃபார்மோடு மூன்று பேர் ஒரே ஸ்கூட்டியில் போவார்கள். நம் தெருவிலும் நடக்கும், உங்கள் தெருவிலும் நடக்கும்.

2019 திருத்தத்தில் வந்த 199-ஏ பிரிவு, இந்தச் சட்டத்தின் கடுமையான பிரிவுகளில் ஒன்று. 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

'எனக்குத் தெரியாமல் எடுத்துட்டான்' என்று சொல்லலாம். ஆனால், உங்கள் சம்மதத்தோடுதான் எடுத்தான் என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதையோ, தடுக்க முயற்சி எடுத்தேன் என்பதையோ நிரூபிப்பது உங்கள் வேலை. ஆணியில் தொங்கும் சாவியை வைத்துக்கொண்டு அதை எப்படி நிரூபிப்பீர்கள்?

'பதினாறு வயசுல எக்ஸ்.எல் ஓட்டலாம்ல?' என்று கேட்பார்கள். 16 வயதில் அனுமதி என்பது 50 சிசி-க்கு மேல் போகாத வண்டிக்கு மட்டும், அதுவும் லைசென்ஸோடு. எக்ஸ்.எல் 100-ன் இன்ஜின் 99.7 சிசி. ஆகவே, கூடாது.

2024 மே 19 அன்று புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, ஐ.டி வேலையில் இருந்த இளைஞரும் இளம்பெண்ணும் இறந்தது நினைவிருக்கும். ஜாமீன் நிபந்தனையாக 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னதுதான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அந்தப் பையனின் அப்பா கைது செய்யப்பட்டதையும் நாம் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

விற்ற வண்டி விட்டுப் போகாது

படித்துக்கொண்டு வரும்போது திடீரென்று எனக்கு அப்பாவின் பழைய பைக் ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒருவருக்கு விற்றது. பணம் வாங்கினோம், ஆர்.சி புக்கைக் கொடுத்தோம். பெயர் மாற்றினார்களா?

"அவர் மாத்தியிருப்பாரு" என்றார் அப்பா. தளத்தில் பார்த்தோம். மாற்றவில்லை.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று எங்களைப் போன்றவர்களுக்காகவே வந்த மாதிரி இருக்கிறது. வட இந்தியாவில் ஒருவர் 2007-ல் காரை விற்றுவிட்டார். அது கைமாறிக் கைமாறிப் போனது. ஆர்.சி-யில் மட்டும் யாரும் பெயர் மாற்றவில்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஒருவர் இறந்தார். நஷ்டஈடு யார் கொடுப்பது? ஆர்.சி-யில் பெயர் இருக்கிற முதல் ஆள்தான் உரிமையாளர், பொறுப்பும் அவருக்கே என்றது கோர்ட். அடிபட்டவர், வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம்.

வண்டியை விற்றால், அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குத்தான் படிவம் 29. வாங்குபவர் கொடுக்க வேண்டியது படிவம் 30. பணம் எண்ணும் அன்றைக்கே இரண்டிலும் கையெழுத்து வாங்கி, நீங்களே கூடப் போய்க் கொடுத்துவிட்டு வருவது நல்லது. எங்கள் பக்கத்து டி.என் 84 வண்டிகளுக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ ஆபீஸ்.

சாவி கொடுக்கும் முன் ஐந்து விஷயங்கள்

1. லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். டிஜிலாக்கரில் காட்டினாலும் போதும். எந்த வகை வண்டிக்கு, எந்தத் தேதி வரை என்று இரண்டையும் பாருங்கள்.

2. உங்கள் இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அது உங்கள் பொறுப்பு, இரவல் வாங்குபவருடையது இல்லை.

3. யார், எப்போது எடுத்துப் போனார் என்று போனில் ஒரு மெசேஜாவது இருக்கட்டும். 'அண்ணே, கார் எடுத்துக்கிட்டேன்' என்ற ஒரு வரி பின்னால் சாட்சியாகும்.

4. ஆர்.சி-யில் உங்கள் இப்போதைய போன் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நம்பர் என்றால், சலான் வந்ததே உங்களுக்குத் தெரியாது.

5. குடித்திருப்பவருக்குச் சாவி கிடையாது. சொந்தமோ நட்போ, இதில் விதிவிலக்கு வேண்டாம்.

கடைசியில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது? அப்பா அண்ணனிடம் காசு கேட்கவில்லை. நான்தான் சலானின் போட்டோவை மட்டும் அண்ணனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஆயிரம் ரூபாய் வந்தது. 'ஸாரி சித்தப்பா' என்றும் எழுதியிருந்தார். இப்போது கார் லைசென்ஸுக்கு எல்.எல்.ஆர் போட்டிருக்கிறார். பைக்கை வாங்கியவரோடு அப்பா வருகிற திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறார், படிவங்களோடு.

கதவுக்குப் பின்னால் ஆணி அப்படியேதான் இருக்கிறது. சாவி மட்டும் பீரோவுக்குள் போய்விட்டது. முந்தாநாள் மாமா ஒருவர் கார் கேட்டு வந்தார். அப்பா கொஞ்சம் தயங்கினார், தொண்டையைச் செருமினார். பிறகு சொன்னார்: "தாராளமா எடுத்துக்கங்க மச்சான். லைசென்ஸ் மட்டும் ஒரு தடவை காட்டிருங்க. பொண்ணு திட்டுவா."

மாமா சிரித்துக்கொண்டே பர்ஸை எடுத்தார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது வண்டி கேட்டால், பழியை என் மேல் போட்டுக் கேட்டுவிடுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்!